கிளைவழிப் பாதை: ஸ்ரீவில்லிபுத்தூர் மலையும் சாம்பல் நிற அணிலும்

விருதுநகர் மாவட்டத்தின் மேற்கு எல்லை மேற்குத் தொடர்ச்சி மலை. தென்மேற்குப் பருவமழை மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் கொட்டித் தீர்த்துவிட, இந்தப் பக்கம் வறண்ட காற்றே இறங்கி வருகிறது. சிவகாசியில் தீக்குச்சியும் பட்டாசும் காய்வதற்கு உதவும் வெயிலும் ஈரமற்ற காற்றும் இந்த மழைமறைவு தந்தவை. ஆனால் மலைச்சரிவு முழுவதும் வறண்டு கிடக்கவில்லை. உச்சிச் சோலைகளில் ஊறும் நீர் ஓடைகளாக இறங்குகிறது. அந்த ஓடைக்கரைகளில் மருதும் நாவலும் மாமரமும் ஓங்கி நிற்கின்றன. கரையை விட்டுச் சற்று விலகினாலே முட்புதர் தொடங்கிவிடும். செண்பகத்தோப்பு, அழகர்கோயில் ஓடை, பிளவக்கல் என்று நீளும் இந்தக் குறுகலான பசுமைப் பட்டைகளில்தான் சாம்பல் நிற அணில் வாழ்கிறது.

வீட்டு முற்றத்தில் ஓடும் மூன்று வரி அணிலுக்கு இது தூரத்து உறவுதான். தலையும் உடலுமாக ஓர் அடிக்கு மேல் நீளம்; வாலும் ஏறத்தாழ அதே நீளம். உடலின் மேற்பக்கத்து மயிரில் வெள்ளை கலந்திருப்பதால் நரைத்த தோற்றம். பிறந்து இறக்கும்வரை அதன் வாழ்க்கை மரத்தின் மேலேதான். தரையில் இறங்குவது மிக அரிது. வெப்பமண்டலக் காடுகளில் மர உச்சியையே உலகமாகக் கொண்ட விலங்குகள் பல உண்டு. தென் அமெரிக்காவின் சிலந்திக் குரங்கு வாலையே ஐந்தாவது கையாக்கிக்கொண்டது. சாம்பல் நிற அணிலின் வாலால் எதையும் பற்ற முடியாது. அது எடையைச் சமன்செய்யும் உறுப்பு. மெல்லிய கிளை நுனியில் பழம் இருந்தால் அணில் பின்னங்கால்களால் கிளையைப் பிடித்துக்கொண்டு முன்னுடலை ஒரு பக்கம் தொங்கவிடும். வால் மறுபக்கம் தொங்கும். இரண்டும் ஒன்றையொன்று ஈடுசெய்வதால் இரு முன்கைகளும் பழத்தைப் பிடிக்கவும் உரிக்கவும் முழுதாகக் கிடைக்கின்றன. முன்பாதத்தின் உட்புறத்தில் உள்ள அகன்ற சதைத் திண்டு பிடியை இறுக்குகிறது.

கூடு கட்டும் முறையில் இந்தத் தகவமைப்பு இன்னும் தெளிவாகத் தெரிகிறது. இலைகளையும் சுள்ளிகளையும் அடுக்கி, பந்து போன்ற பெரிய கூட்டை அணில் மர உச்சியருகே கட்டுகிறது. ஒரே அணிலுக்குப் பல மரங்களில் கூடுகள் இருக்கும். தூங்குவதற்கு ஒன்று, குட்டிக்கு ஒன்று என்று மாறி மாறிப் பயன்படுத்தும். கூட்டுக்குத் தேர்ந்தெடுக்கும் மரத்தின் கிளைகள் பக்கத்து மரங்களின் கிளைகளோடு கலந்திருக்க வேண்டும். அடிமரத்தில் ஏறி எதிரி வந்தால் தப்பிக்கப் பல திசைகளில் வழி வேண்டுமே. நடுப்பகலில் கிளைமேல் உடலைப் பரப்பிப் படுத்து வெப்பத்தைத் தணித்துக்கொள்கிறது. காலையும் மாலையும் இரை தேடுகிறது. குளிர்நாட்டு அணில்களைப் போல மண்ணில் கொட்டைகளைப் புதைத்துச் சேமிக்கும் வழக்கம் இதற்கு இல்லை. ஆண்டு முழுவதும் ஏதாவது ஒரு மரம் காய்த்தோ பூத்தோ தளிர்த்தோ இருந்தாக வேண்டும். மரவகை குறைந்தால் பசி. கிளைத்தொடர் அறுந்தால் சிறை. இந்த விலங்கின் வரலாற்றை இவ்விரண்டும்தான் தீர்மானித்தன.

அறிவியல் உலகுக்கு இந்த அணிலை அறிமுகப்படுத்தியவர் இயற்கையியலாளர் தாமஸ் பென்னன்ட். 1769-இல் அவர் விவரித்தது இலங்கை அணிலை. இன்றும் இந்த இனம் இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் மட்டுமே உள்ளது. நடுவே கடல் இருக்க, தரையில் அரிதாகவே இறங்கும் விலங்கு இரு கரைகளிலும் இருப்பது முதலில் வியப்பாகத் தோன்றும். ஆனால் இரண்டையும் பிரிக்கும் பாக் நீரிணை மிக ஆழம் குறைந்தது. சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், பனியுகத்தின் உச்சத்தில், கடல்மட்டம் இன்றைவிட ஏறத்தாழ 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. அன்று அங்கே நிலம் இருந்தது. நிலம் இருந்ததால் மரத்தொடருக்கும் இடம் இருந்தது.

மலையடிவாரத்து ஊரான ஸ்ரீவில்லிபுத்தூரின் தலபுராணமே காட்டிலிருந்துதான் தொடங்குகிறது. மல்லி என்ற அரசியின் மக்கள் வில்லியும் கண்டனும் வேட்டைக்குப் போனதாகவும், கண்டனைப் புலி கொன்றதாகவும், வில்லி காட்டைத் திருத்தி ஊரை உண்டாக்கியதாகவும் கதை. புராணம் என்றாலும், புலி உலவிய காடு சமவெளிவரை இறங்கியிருந்த காலத்தின் நினைவு அதில் தங்கியிருப்பதாகக் கொள்ளலாம். காடு பின்வாங்கிய பிறகும் மலையில் பளியர் பழங்குடியினர் தேனும் கிழங்கும் கடுக்காயும் சேகரித்து வாழ்ந்தார்கள். வத்திராயிருப்புப் பக்கம் மலைமாட்டுக் கிடைகள் காட்டோரம் இருந்தன. 1882-ஆம் ஆண்டின் சென்னை வனச் சட்டம் வந்த பின், காடு ஒதுக்குக் காடாக அரசின் கைக்குப் போனது. அந்தச் சட்டத்தின் முதல் அக்கறை மரமும் வருவாயும்தான். விலங்குகள் அதன் கணக்கில் பின்னால்தான் வந்தன.

1922-இல் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் தீப்பெட்டித் தொழில் கற்கக் கல்கத்தா சென்றார்கள். அடுத்த ஆண்டு திரும்பி வந்து தொழிலைத் தொடங்கினார்கள். தீக்குச்சிக்கு வேண்டியது மெத்தென்ற வெள்ளை மரம். அது பெரும்பாலும் மலைக்கு அந்தப்புறம் கேரளத்திலிருந்து வந்ததால், கிழக்குச் சரிவின் ஓடைக்காடு குச்சிக்காக மொட்டையடிக்கப்படவில்லை. அதை அரித்தவை வேறு: சமவெளி ஊர்களின் அடுப்புக்குத் தலைச்சுமையாக இறங்கிய விறகு, திருட்டு வெட்டு, நாற்றுகளை மேய்ந்துவிடும் கால்நடைகள். ஒரு பெரிய மரம் வீழ்வதைவிட, அதன் இடத்தில் வளர வேண்டிய கன்று மேய்ச்சலில் அழிவதுதான் நீண்ட நாள் இழப்பு. கிளைத்தொடர் மறுபடி கூடாது.

சிவகாசியில் அய்ய நாடார் நிறுவிய கல்லூரி இந்தக் காட்டின் வரலாற்றில் தனியிடம் பெறுகிறது. 1963-இல் தொடங்கிய அய்ய நாடார் ஜானகி அம்மாள் கல்லூரியில் விலங்கியல் கற்பித்தவர் ஏ.ஜே.டி. ஜான்சிங். நாங்குநேரியில் பிறந்த அவர், பின்னர் பந்திப்பூரில் செந்நாய்களை ஆராய்ந்து, இந்திய வன உயிரின நிறுவனத்தின் முன்னோடி அறிவியலாளராக உயர்ந்தார். ஆய்வாளர் ஜே. ஜோஷ்வாவும் அவரும் சேர்ந்து சாம்பல் நிற அணிலின் வாழிடத்தை ஆராய்ந்து 1994-இல் கட்டுரை வெளியிட்டார்கள். மனிதத் தலையீடு அணிலையும் அதன் காட்டையும் எப்படிப் பாதிக்கிறது என்பதே அதன் பொருள். பட்டாசு நகரம் என்று மட்டும் அறியப்படும் ஊரின் வகுப்பறைக்கும் இந்தக் காட்டுக்கும் இப்படி ஓர் உறவு இருந்தது பெருமைக்குரியது.

1985-இல் இந்தப் பகுதி தனி மாவட்டமானது. 1988-இல் ஸ்ரீவில்லிபுத்தூர் சாம்பல் நிற அணில் சரணாலயம் அறிவிக்கப்பட்டது. சுமார் 485 சதுர கிலோமீட்டர் காட்டுக்கு யானையின் பெயரையோ புலியின் பெயரையோ வைக்காமல் ஓர் அணிலின் பெயரை வைத்தது துணிச்சலான முடிவு. வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் இந்த அணிலுக்கு முதல் அட்டவணைப் பாதுகாப்பு தருகிறது. புலிக்கு உள்ள அதே இடம்.

அணிலின் பெயரில் காக்கப்பட்ட மலையில் வேறு வியப்புகளும் இருந்தன. பாறை உச்சிகளில் வரையாடு. அதன் குளம்பின் விளிம்பு கடினமானது, நடுப்பகுதி மென்மையானது. விளிம்பு பாறைப் பிளவில் ஊன்ற, நடுப்பகுதி வழுக்காமல் பற்றுகிறது. வடக்கே மேகமலையில் 1948-இல் இயற்கையியலாளர் ஆங்கஸ் ஹட்டன் ஒரு பழந்தின்னி வௌவாலைப் பிடித்தார். சாதாரண வகை என்று எண்ணி அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்ட அந்த மாதிரியை 1972-இல் விலங்கியலாளர் கிட்டி தொங்லோங்யா மறுபடி ஆராய்ந்தார். வெளியே தெரியும் வால் இல்லாமையையும் கீழ்வெட்டுப் பற்கள் ஒரே இணையாக இருப்பதையும் கண்டு, அது புதிய பேரினம் என்று அறிவித்து, பறவையியலாளர் சாலிம் அலியின் பெயரைச் சூட்டினார். சிறு வௌவால்களைப் போல ஒலியை எழுப்பி எதிரொலியால் வழி அறியாமல், பெரும்பாலான பழந்தின்னிகள் கண்ணையும் மூக்கையும் நம்பி இரவில் அத்தி போன்ற கனிகளைத் தேடுகின்றன.

2021 பிப்ரவரியில் அணில் சரணாலயமும் மேகமலைக் காடும் இணைந்து ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகமாயின. பரப்பு 1,016.57 சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டின் ஐந்தாவது புலிகள் காப்பகம். தென்மேற்கே பெரியாறு புலிகள் காப்பகத்தோடு காடு தொடர்வதால் புலிக்கும் யானைக்கும் நடைவழி நீள்கிறது.

அணிலின் நிலை சற்று வேறு. சின்னாறு, சிறுமலை, பழனி மலை, காவிரிக்கரை என்று பின்னர் வேறு இடங்களிலும் இது பதிவாகியுள்ளது. ஒவ்வோர் இடத்திலும் கூட்டம் தனித்தனித் தீவாகவே கிடக்கிறது. ஸ்ரீவில்லிபுத்தூர் அடிவாரத்திலோ, காப்பக எல்லைக்கு வெளியே தனியார் மாந்தோப்புகளிலும் புளியந்தோப்புகளிலும் கூட அணில் புழங்குகிறது. அந்தத் தோப்புகள் எந்த வரைபடத்திலும் காடு அல்ல. பழைய மாமரங்களை வெட்டிவிட்டுத் தென்னை வைத்தால் உரிமையாளருக்கு வருமானம் கூடலாம். ஆனால் தென்னை மட்டைகள் பக்கத்து மரத்தோடு பின்னிக்கொள்வதில்லை.