சந்தேகத்திற்கு ஓர் அளவுகோல்: வீதிச் சோதனையும் கிழக்கிலங்கை அனுபவமும்

வீதியில் ஒருவரைத் தடுத்து நிறுத்தி, ஆயுதம் உண்டா என்று உடலைத் தடவிப் பார்க்கும் அதிகாரம் எப்போது எழுகிறது? கைது பற்றித் தெளிவாகப் பேசும் இலங்கைச் சட்டம் இதுபற்றி அவ்வாறு பேசவில்லை. அக்குறையால் கிழக்கிலங்கையின் வீரமுனைத் தமிழரும் சம்மாந்துறை, கல்முனை முஸ்லிம்களும் வெவ்வேறு காலங்களில் பாதிக்கப்பட்டனர். அதைச் சட்டமியற்றியே நீக்க வேண்டும் என்பது இக்கட்டுரையின் வாதம்.

1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 32ஆம் பிரிவு, பிடியாணையின்றிக் கைது செய்வதற்கு நியாயமான முறைப்பாடோ நம்பத்தகுந்த தகவலோ நியாயமான சந்தேகமோ வேண்டும் என்கிறது. வெறும் ஊகம் சந்தேகமாகாது என்று சன்ன பீரிஸ் வழக்கில் (1994) உயர் நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. கைதுக்கு முந்திய வீதிச் சோதனைக்கோ கோவையில் தனி அளவுகோல் இல்லை. 1979ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டம், 6ஆம் பிரிவில், ஆட்களையும் வாகனங்களையும் நிறுத்திச் சோதிக்க இடமளிக்கிறது. நியாயமான சந்தேகம் என்ற சொல் அங்கும் உண்டு. ஆனால் சோதிப்பதற்கான காரணத்தைப் பதிவுசெய்யுமாறு அப்பிரிவு கேட்கவில்லை.

காரணம் கேட்கப்படாத இடத்தில் சந்தேகம் எதுவாகவும் ஆகலாம். போர்க்காலச் சுற்றிவளைப்புகளில் முகம் மூடிய ஆள்காட்டியான ‘தலையாட்டி’யின் ஓர் அசைவே ஒருவரைக் கொண்டுபோகப் போதுமானதாக இருந்தது. 1990இல் வீரமுனைக் கோயிலில் தஞ்சமடைந்திருந்தோரில் பிடித்துச் செல்லப்பட்ட பலர் திரும்பவேயில்லை. 2019 உயிர்த்த ஞாயிறு தாக்குதலுக்குப் பின் ஆடையும் பெயருமே சந்தேகமாயின. அவ்வாண்டு மே மாதம் ஹசலக்கவில் ஒரு முஸ்லிம் பெண்ணின் ஆடையிலிருந்த கப்பற் சுக்கானைத் தர்மச் சக்கரம் என்று கொண்டு அவரைக் கைது செய்தனர்.

ஆபத்து மிகுந்த பகுதியில் காரணம் தேடிக்கொண்டிருக்க முடியாது என்பது எதிர்வாதம். பொலிஸாரின் உயிரச்சம் மெய்யானது, அதை மறுப்பதற்கில்லை. ஆனால் 2019 ஏப்ரல் 26 அன்று சாய்ந்தமருதில் ஒளிந்திருந்த உயிர்த்த ஞாயிறு தாக்குதல் குழுவினரைக் காட்டிக்கொடுத்தது கண்மூடித்தனமான சோதனையன்று. வாடகை வீட்டுக்குப் புதிதாக வந்தவர்கள்மீது ஐயுற்ற ஊரவர் கொடுத்த தகவலே. குறித்த தகவலைத் தருவது மக்களின் நம்பிக்கை. ஊரையே அவமதிக்கும் சோதனை அந்நம்பிக்கையைக் கெடுக்கிறது.

அமெரிக்க உச்ச நீதிமன்றம் டெர்ரி வழக்கில் (1968) இரு படிகளைப் பிரித்தது: நிறுத்துவதற்குச் சொல்லிக்காட்டத்தக்க காரணம் வேண்டும், தடவிச் சோதிக்க, நிறுத்தப்பட்டவர் ஆயுதம் தாங்கியவர் என்று நம்புவதற்குத் தனிக் காரணம் வேண்டும். சந்தேகமே தேவைப்படாத பிரித்தானியச் சோதனை அதிகாரம் தனிவாழ்வு உரிமையை மீறுவதாக ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம் 2010இல் தீர்த்தது.

இலங்கையும் அவ்விரு படிகளைச் சட்டமாக்க வேண்டும். ஆயுதச் சோதனை மேலுடையோடு நிற்க வேண்டும். பெண்களைப் பெண்களே சோதிக்க வேண்டும். நேரம், காரணம், உத்தியோகத்தரின் இலக்கம் ஆகியவை எழுதிய துண்டு, சோதிக்கப்பட்டவரின் மொழியிலேயே அவர் கைக்குத் தரப்பட வேண்டும். அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரைப்படி அடிப்படை உரிமை மனுவை ஒரு மாதத்துக்குள் தாக்கல் செய்தாக வேண்டும். வீதியோரத்தில் நடந்தவற்றுக்கு எழுத்துச் சான்று இல்லாதவருக்கு அவ்வுரிமை ஏட்டளவிலேயே நின்றுவிடும்.