நடந்தே ஏறிய மலை

விடியற்காலையில் கோடை ஏரியைச் சுற்றி ஓடும் வாலிபர்களை இப்போது நாள்தோறும் காண்கிறோம். சுமார் 5 கிலோமீட்டர் கொண்ட அச்சுற்று, மதுரைக் கலெக்டராயிருந்த லெவிஞ்சு துரை 1863-இல் ஓடையை மறித்து ஏரி கட்டியதால் வந்தது. 1872-இல் கோக்கர் என்ற படை அதிகாரி மலை விளிம்பில் போட்டதோ, காற்று வாங்க நடப்பதற்கென்றே அமைந்த பாதை.

இவ்விரண்டுக்கும் மூத்தவை ஏறுபாதைகள். 1845-இல் அமெரிக்க மிஷனரிமார் இங்கே முதல் இரு பங்களாக்களைக் கட்டியபோது மோட்டார் ஏது, சாலை ஏது? பெரியகுளத்து அடிவாரம் வரை மாட்டு வண்டி. அப்புறம் குதிரை, அல்லது ஆள் சுமக்கும் நாற்காலி. நாற்காலியில் அமர்ந்தவர் பெயர் ஏடுகளில் உண்டு. தோள் கொடுத்தவர் பெயரைத் தேடினாலும் அரிது. வத்தலக்குண்டுச் சாலை 20-ஆம் நூற்றாண்டில்தான் முடிந்தது. ஆகவே 1866-இல் சென் சீர் சுவாமியார் எழுப்பிய சலேத் மாதா ஆலயத்துக்கும், 1895-இல் தோன்றிய செண்பகனூர் திரு இருதயக் கல்லூரிக்கும் கீழ்நாட்டிலிருந்து வேண்டிய சாமானெல்லாம் தலைச்சுமையாகவோ பொதிமாட்டின் மேலோதான் வந்திருக்க வேண்டும்.

கும்பக்கரையிலிருந்து வெள்ளகவி வழியாக வட்டக்கானல் சேரும் பாதை இன்னும் உயிரோடிருக்கிறது. பட்டணத்து வாலிபர் அதை மலையேற்றமென்று தேடி வருகிறார்கள். வெள்ளகவியாருக்கோ வெகுகாலம் சந்தைக்கும் ஆஸ்பத்திரிக்கும் அதுவே வழி; நோயாளியை டோலி கட்டித் தூக்கிச் சென்றதும் அதில்தான். ஊருக்குள் செருப்பைக் கழற்றிவிட்டே நடப்பது அங்கே வழக்கம். ஓட வருகிறவர்களும் அங்கே வெறுங்காலோடுதான் போக வேண்டும்.