மாவாகும் வழி: புதுச்சேரியின் கேழ்வரகை முன்வைத்து

கினோவாவின் மேல்தோலில் சபோனின் என்னும் கசப்புப் பொருள் இருக்கிறது. ஆண்டிஸ் மலைமக்கள் அதைத் தேய்த்து, பலமுறை நீரில் கழுவிய பின்பே சமைத்தார்கள். கழுவியது, முளைகட்டியது, வறுத்தது என்று கினோவா மாவு பல வகைப்படும். ஒன்றின் குணம் மற்றொன்றுக்கு இராது. ஐக்கிய நாடுகள் அவை 2013ஐக் கினோவாவுக்கும் 2023ஐச் சிறுதானியங்களுக்கும் உரிய ஆண்டாக அறிவித்தது. கினோவா மாவைப் பற்றிக் கேட்கப்படும் கேள்வியைப் புதுச்சேரிக் கடைகளில் விற்கும் கேழ்வரகு மாவிடமும் கேட்டாக வேண்டும். எப்படிப் பதப்படுத்தப்பட்டது என்று சொல்லாமல் ஒரு மாவைச் சத்தானது என்பது அரைகுறையான கூற்று என்பதே என் வாதம்.

தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017இல் வெளியிட்ட உணவுச் சத்து அட்டவணைப்படி, 100 கிராம் கேழ்வரகில் 364 மில்லிகிராம் கால்சியமும் ஏறத்தாழ 4.6 மில்லிகிராம் இரும்பும் உள்ளன. அதே தானியத்தில், இரும்பைப் பிணைத்து உடலில் சேரவிடாமல் தடுக்கும் ஃபைட்டேட் என்னும் பொருளும் சுமார் 300 மில்லிகிராம் உண்டு. மூலக்கூறு எண்ணிக்கையில் கணக்கிட்டால், ஓர் இரும்பு அணுவுக்கு ஐந்துக்கும் மேற்பட்ட ஃபைட்டேட் மூலக்கூறுகள் வருகின்றன. இரும்பு நன்றாக உடலில் சேர இவ்விகிதம் ஒன்றுக்கும் கீழே இருக்க வேண்டும் என்பது ஊட்டச்சத்து அறிஞர்கள் கொள்ளும் அளவு. அட்டவணை காட்டுவது சமைக்காத முழுத் தானியத்தின் இருப்பை. அந்த இருப்பில் எவ்வளவு உடலுக்குக் கிடைக்கும் என்பது பதப்படுத்தும் முறையைப் பொறுத்தது.

இங்கே கூழைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும். ஆடி மாதம் மாரியம்மன் கோயில்களில் வார்க்கப்படுவதும், கோடையில் தெருவோர வண்டிகளில் மோர் மிளகாயோடும் சின்ன வெங்காயத்தோடும் விற்கப்படுவதும் இதுதான். முறைப்படி செய்யும் கூழ் இருமுறை புளிக்கிறது. முதல் நாள் மாலை மாவை நீரில் கரைத்துவைக்கிறார்கள். மறுநாள் நொய்யோடு சேர்த்துக் காய்ச்சி, இரவு முழுதும் வைத்து, அடுத்த நாள் மோர்விட்டுக் கரைக்கிறார்கள். இவற்றில் முதற் புளிப்பே முக்கியமானது என்று கருதுகிறேன். அப்போது மாவு சூடு படாமல் இருப்பதால், தானியத்திலேயே உள்ள ஃபைட்டேஸ் நொதி உயிர்ப்போடு இருக்கும். லாக்டிக் அமிலப் பாக்டீரியாக்கள் உண்டாக்கும் புளிப்பு அந்நொதிக்கு ஏற்ற அமிலநிலையைத் தர, ஃபைட்டேட் சிதைகிறது, இரும்பைத் தடுக்கும் இன்னொரு பொருளான டானினும் குறைகிறது. காய்ச்சிய பிறகு வரும் இரண்டாம் புளிப்பில் தானிய நொதிக்கு வேலையில்லை. அவசரத்துக்கு மாவை நேரே கொதிநீரில் காய்ச்சி, ஆறியபின் புளித்த மோர் ஊற்றினாலும் நாக்குக்கு அதே புளிப்புத்தான். ஆனால் ஃபைட்டேட்டில் பெரும்பகுதி அப்படியே நிற்கும். சுவையை வைத்து இரண்டையும் ஒன்றெனக் கொள்வது பிழை.

முளைகட்டும்போது ஃபைட்டேட் குறைவதோடு மாவின் நடத்தையும் மாறுகிறது. முளையில் பெருகும் அமைலேஸ் மாவுச்சத்தைத் துண்டாக்குவதால் கஞ்சி கெட்டிப்படுவதில்லை. ஆகவே அதே அளவு நீரில் கூடுதல் மாவைக் கரைக்கலாம். சிறு வயிற்றுக் குழந்தைக்கு ஒவ்வொரு கரண்டியிலும் கூடுதல் ஆற்றல் போய்ச்சேரும். மைசூரில் உள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம் முளைகட்டிய கேழ்வரகு மாவான மால்ட் குறித்து நீண்டகாலம் உழைத்தது இதனால்தான். களி கிண்டுவதற்கோ அந்த மாவு உதவாது, இளகிப்போகும். முளைகட்டினால் கால்சியம் பெருகும் என்று சொல்லப்படுவதையும் மறுக்க வேண்டும். முளைப்பதால் தாதுப்பொருள் புதிதாகப் பிறப்பதில்லை. உலர் எடை குறைவதால் விழுக்காடு சற்று ஏறித் தோன்றும், அவ்வளவே.

சலிப்பதில் வேறொரு சிக்கல். கேழ்வரகின் தோலில்தான் டானின் மிகுதி. கால்சியத்தின் கணிசமான பங்கும் அங்கேயே இருக்கிறது. நைசான வெள்ளை மாவு வேண்டும் என்று சலித்தாலோ, பால் பிழிந்து துணியில் வடிகட்டினாலோ, தடையோடு சத்தும் வெளியேறும். கைக்குழந்தைக்கு நார் தாங்காது என்பதால் வடிகட்டுவதை ஏற்கலாம்; வளர்ந்தவர்களுக்கு அதற்கு நியாயமில்லை.

வறுத்தால் மணம் கூடும், ஈரம் போய் மாவு நாள்பட நிற்கும். ஆனால் நொதிகள் மடிவதால், வறுத்த மாவைப் பின்னர் புளிக்கவைத்தாலும் பச்சை மாவில் நடந்த அளவு மாற்றம் நடக்காது. மாவுகளுக்கிடையிலான இத்தகைய வேறுபாடுகள் பிரெஞ்சு ரொட்டி மரபுள்ள புதுச்சேரியின் அடுமனைகளுக்கும் நேரடிச் செய்தி. கேழ்வரகில் குளூட்டன் இல்லாததால் மைதாவோடு ஓரளவுக்கு மேல் கலந்தால் ரொட்டி உப்பாது. முளைகட்டிய மாவை அதிகம் சேர்த்தால் அமைலேஸின் வேலையால் உட்புறம் பிசுபிசுக்கும். நெடுநேரம் புளித்த மாவில் கலந்து சுடுவது சத்துக்கும் அமைப்புக்கும் பொருத்தமான வழி.

புதுச்சேரியில் 1930இலேயே, பிரெஞ்சு நிர்வாகத்தின் கீழ், பள்ளிப் பிள்ளைகளுக்கு மதிய உணவு தொடங்கியது. இன்று பள்ளிச் சிற்றுண்டியில் சிறுதானியம் இடம்பெறுவது மகிழ்ச்சிக்குரியது. ஆனால் வறுத்த மாவில் செய்த பிஸ்கட்டையும் முறையாகப் புளித்த கூழையும் ஒரே பெயரில் கணக்கெழுதினால், பிள்ளைகளுக்கு எவ்வளவு இரும்பு போய்ச்சேருகிறது என்று யாராலும் சொல்ல முடியாது. கொள்முதல் ஒப்பந்தத்தில் தானியத்தின் பெயரோடு ஊறவைத்த நேரம், முளைகட்டிய நேரம், வறுத்ததா இல்லையா, சலித்ததா இல்லையா ஆகியவற்றையும் எழுதிவாங்க வேண்டும். ஆய்வகத்தில் கால்சியம், இரும்போடு ஃபைட்டேட்டையும் அளக்க வேண்டும். அளக்கும் மாதிரி மூட்டையிலிருந்து அல்ல, பிள்ளையின் தட்டிலிருந்து எடுக்கப்பட வேண்டும்.