குருதி கூறும் வரலாறு: ஊவாத் தோட்டங்களும் நிர்ப்பீடனத் தூண்டலும்

எச்.ஐ.வி. தொற்றியோரின் நோய்நிலையை அறிவதற்கு மருத்துவர் நெடுங்காலமாக இரண்டு அளவுகளையே பெரிதும் நம்பினர். ஒன்று சீ.டீ.4 கலங்களின் தொகை. மற்றையது குருதியிலுள்ள வைரசின் அளவு. 1999இல் ஜனிஸ் ஜியோர்ஜி குழுவினர் வெளியிட்ட ஆய்வு மூன்றாவதொன்றை முன்னிறுத்தியது. நோய் முற்றியோரின் ஆயுட்குறைவு, வைரசின் அளவைக் காட்டிலும் நிர்ப்பீடனக் கலங்களின் தூண்டலுடனேயே நெருங்கிய தொடர்புடையதென அது காட்டியது. அத்தூண்டலை இனங்காட்டும் குறிகளுள் சீ.டீ.38 என்னும் புரதம் முக்கியமானது. ஓய்வின்றிப் போரிடும் நோயெதிர்ப்பு ஆற்றல் இறுதியில் தன்னையே தேய்த்துக்கொள்கிறது.

இத்தூண்டலுக்கு வைரசு ஒன்றே காரணமாகுமா? இஸ்ரேலிற் குடியேறிய எத்தியோப்பியரை 1990களில் ஆராய்ந்த ஸ்வி பென்ட்விச் முதலியோர், எச்.ஐ.வி. தொற்றாதோரின் குருதியிலும் இதன் அடையாளங்களைக் கண்டனர். குடற்புழுக்களே அதற்குரிய காரணமாகலாம் என்பது அவர்தம் கருத்து. குருதியில் வாழ்க்கை நிலையும் பதிவாகிறது என்பதே இதன் பொருள்.

இந்நோக்கில், வெலிமடை உள்ளிட்ட ஊவாப் பகுதியையும் தழுவிய மலையகத்தின் வரலாறு நம் கவனத்திற்குரியது. தோட்ட மக்களை எச்.ஐ.வி.யுடன் தொடர்புபடுத்துவது இங்கு நோக்கமன்று; அவர்தம் குருதி முன்னர் எவ்வாறு வாசிக்கப்பட்டது என்பதே வினா. 1916இல் ரொக்பெல்லர் நிறுவனத்தார் இலங்கைத் தோட்டங்களிற் கொழுக்கிப்புழு ஒழிப்பைத் தொடங்கினர். வெறுங்கால் வழியாகப் புகுந்து, சிறுகுடலிற் பற்றிக் குருதியை உறிஞ்சும் அப்புழு, உழைப்பாளரைச் சோகையால் வாட்டியது. கெனபோடியம் எண்ணெய் புகட்டப்பட்டது. ஆயின் மலசலகூடம் அமைக்கும் செலவை ஏற்கத் தோட்டத்துரைமார் பலர் தயங்கினர். மருந்துண்டவர் மீண்டும் அதே மண்ணை மிதித்தனர், மீண்டும் நோயுற்றனர். தென்னிந்தியாவிலிருந்து வந்த தொழிலாளரே புழுவைக் கொணர்ந்தனர் என்ற குற்றச்சாட்டோ நிலைத்தது. லயத்து வாழ்வு குற்றவாளிக் கூண்டில் ஏற்றப்படவில்லை.

இதே சிக்கல் பிற்காலத்திலும் எழுந்தது. கென்யாவில் எச்.ஐ.வி. தொற்றியோருக்குப் புழுநீக்க மருந்து கொடுத்து நடத்தப்பட்ட, 2012இல் வெளியான ஆய்வில், அம்மருந்து நோயின் முன்னேற்றத்தைத் தாமதப்படுத்தவில்லை எனத் தெரிந்தது. எனவே புழுவையே முழுக் காரணமாகக் கொள்ளல் பொருந்தாது. 2006இல் பிரெஞ்லி முதலியோர் வேறொரு காரணத்தை விளக்கினர்: எச்.ஐ.வி. குடற்சுவரைச் சிதைக்க, நுண்ணுயிர்க் கூறுகள் குருதியிற் கசிந்து தூண்டலைப் பெருக்குகின்றன.

காரணங்கள் பல, அவற்றுட் சில உடலுக்குள்ளும், சில உடலுக்கு வெளியேயும் உள்ளன. உள்ளிருப்பவற்றை ஆய்வுகூடம் அளக்கும். வெளியிருப்பவற்றை வரலாறே அளத்தல் வேண்டும். குருதிக் குறிகளை ஆராய்வோர் குடிநீரையும் காலணியையும் மலசலகூடத்தையும் தம் குறிப்பேட்டிற் சேர்த்துக்கொள்ளாவிடின், சமூகத்தின் குறையை நோயாளியின் குறையாக எழுதிய பழைய தவறே தொடரும்.