அழிப்பதற்கு முன் ஆராய்க



சென்ற கோடை விடுமுறையில், எங்கள் தெருவைச் சேர்ந்த கல்லூரி மாணவர் ஒருவர் தம்முடைய மடிக்கணினியைக் கையில் ஏந்தியவாறு என் வீட்டுத் திண்ணைக்கு வந்தார். அது நாளொன்றுக்குப் பலமுறை தானே அணைந்து, தானே மீண்டும் தொடங்கிற்று. “ஐயா, இயங்குதளத்தை அடியோடு அழித்துவிட்டுப் புதிதாக நிறுவிவிடலாம் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். செய்துவிடட்டுமா?” என்று கேட்டார். ஆறு மாதமாக அவர் எழுதிய ஆய்வேடு அக்கணினியினுள்ளேதான் இருந்தது. வேறு படி எடுத்து வைக்கவில்லை. நான் கணிப்பொறி நூல் பயின்றவன் அல்லேன், வரலாறு கற்பித்தவன். ஆகவே வரலாற்று நிகழ்ச்சி ஒன்றையே அவருக்கு விடையாகக் கூறினேன். அதனை உங்களுக்கும் கூறுவதே இன்றைய பேச்சின் நோக்கம்.

2004ஆம் ஆண்டு ஜனவரி 4ஆம் நாள், அமெரிக்க நாட்டு விண்வெளி நிறுவனமான நாசாவின் ‘ஸ்பிரிட்’ என்னும் ஊர்தி, செவ்வாய்க் கோளில் குசேவ் என்னும் பெரும் பள்ளத்தில் இறங்கிற்று. மனிதர் எவரும் உடன் செல்லாத அவ்வூர்தியை நடத்தியவை, வி.எக்ஸ்.ஒர்க்ஸ் என்னும் இயங்குதளமும் அதன்மேல் எழுதப்பட்ட பயண மென்பொருளுமே ஆகும். இயங்குதளமாவது, கணிப்பொறியின் உறுப்புகளையும் அதில் நடைபெறும் வேலைகளையும் ஒழுங்குபடுத்தி நடத்தும் அடிப்படை மென்பொருள் என்பதை நீங்கள் அறிவீர்கள்.

இறங்கிப் பதினேழு நாள்கள் கழித்து, ஜனவரி 21ஆம் நாள், ஸ்பிரிட் திடீரென்று ஒழுங்கான செய்தி அனுப்புவதை நிறுத்திவிட்டது. அதன் கணிப்பொறி தொடங்குவதும் நிற்பதும் மீண்டும் தொடங்குவதுமாக அறுபது முறைக்கு மேல் தடுமாறிற்று. இரவில் உறங்கித் தன் ஆற்றலைச் சேமிக்க வேண்டிய ஊர்தி, உறங்கமாட்டாமல் மின்கலத்தை வீணாக்கிக்கொண்டிருந்தது. மின்கலம் தீர்ந்துபோனால் என்ன ஆகும்? கலிபோர்னியாவிலுள்ள பாசடீனா நகரில், ஜெட் உந்து ஆய்வுக்கூடத்தில் இருந்த பொறியாளர்கள் அனுப்பும் கட்டளை செவ்வாயைச் சேரவே ஏறத்தாழப் பத்து நிமிடம் ஆகும். கருவியைத் தொட்டுப் பார்க்க வழியில்லை.

இந்த நிலையில், அனைத்தையும் அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்கலாம் என்னும் எண்ணம் எவருக்கும் எழக்கூடியதே. ஆயினும் அவர்கள் முதலில் கேட்ட கேள்வி வேறு. “இது ஏன் நிகழ்கிறது?” என்பதே அக்கேள்வி.

அந்த ஊர்தியில் இருவகை நினைவகங்கள் இருந்தன. மின்சாரம் நின்றாலும் செய்திகளைக் காத்து வைக்கும் ஃபிளாஷ் நினைவகம் 256 மெகாபைட். வேலை நடைபெறும்போது பயன்படும் நினைவகம் 128 மெகாபைட். ஓர் அலுவலகத்தை நினைத்துக்கொள்ளுங்கள். முன்னது அலமாரி, பின்னது மேசை. காலையில் அலுவலகம் திறந்தவுடன், அலமாரியிலுள்ள கோப்புகளின் பட்டியல் முழுவதையும் மேசைமீது விரித்தாக வேண்டும் என்பது விதி. பல மாதப் பயணத்தில் சேர்ந்த கோப்புகளும், செவ்வாயில் சேர்ந்த கோப்புகளும் ஒன்றாகிப் பட்டியல் நீண்டுவிட்டது, மேசை போதவில்லை. இடமின்மையால் வேலை நின்றது. நின்றதும் கணிப்பொறி தன்னைத்தானே மீண்டும் தொடக்கிக்கொண்டது. தொடங்கியதும் அதே பட்டியலை விரிக்க முயன்றது. தடுமாற்றத்தின் வேர் இதுவே.

பொறியாளர்கள், ஃபிளாஷ் நினைவகத்தைத் தொடாமலே தொடங்குமாறு ஊர்திக்குக் கட்டளை அனுப்பினார்கள். அலமாரியைத் திறவாமல் அலுவலகத்தை நடத்துவது போன்றது இது. ஊர்தி பணிந்தது, இரவில் உறங்கவும் செய்தது. நோய் அலமாரியில்தான் என்பது இதனால் உறுதியாயிற்று. வேண்டாத கோப்புகளை நீக்கினால் மட்டும் போதாது. நீக்கிய கோப்புக்குரிய வரி பட்டியலில் வெற்றிடமாக நின்றுகொண்டே இருக்கும். ஆதலால், காரணம் தெளிவான பின்னர், பிப்ரவரி முதல் வாரத்தில் ஃபிளாஷ் நினைவகத்தை முழுவதும் அழித்துப் புதிதாக அமைத்தார்கள். அவ்வாண்டு ஏப்ரல் மாதத்தில் புதிய பயண மென்பொருளும் பூமியிலிருந்தே அனுப்பி நிறுவப்பட்டது. தொண்ணூறு செவ்வாய் நாள்கள் உழைக்குமென்று எதிர்பார்க்கப்பட்ட அவ்வூர்தி, 2010ஆம் ஆண்டு மார்ச் மாதம்வரை பூமியுடன் பேசிற்று.

இங்கேயே கதை முடிந்திருந்தால், அழித்து அமைப்பதே எல்லாவற்றுக்கும் மருந்து என்று நாம் முடிவு செய்துவிடக்கூடும். ஆனால் வரலாறு நம்மை அவ்வளவு எளிதில் விட்டுவிடுவதில்லை.

ஸ்பிரிட்டின் இரட்டைப் பிறவியான ‘ஆப்பர்ச்சூனிட்டி’ ஊர்தியும் அதே 2004 ஜனவரியில் செவ்வாயின் மற்றொரு பகுதியில் இறங்கிப் பத்தாண்டுகளுக்கு மேல் உழைத்தது. 2014இல் அதன் கணிப்பொறியும் அடிக்கடி தானே மறுபடி தொடங்கலாயிற்று. அதே அமைப்பு, அதே அறிகுறி. அவ்வாண்டு செப்டம்பர் மாதம் அதன் ஃபிளாஷ் நினைவகத்தையும் அழித்து அமைத்தார்கள். ஆயினும் சில மாதங்களுக்குள் தொல்லை திரும்பிற்று. இம்முறை குற்றம் பட்டியலின் நீளத்தில் இல்லை. பல்லாண்டுப் பயன்பாட்டில் நினைவகமே தேய்ந்திருந்தது. உளுத்துப்போன அலமாரியை எத்தனைமுறை துடைத்து அடுக்கினாலும் பயன் என்ன? பழுதுற்ற பகுதியை ஒதுக்கிப் பார்த்தார்கள். ஃபிளாஷ் நினைவகத்தை நாடாமல், அன்றன்று திரட்டிய செய்திகளை ஊர்தி உறங்கச் செல்லுமுன் அனுப்பிவிடும் முறையையும் கையாண்டார்கள். இவ்வாறு குறையோடு வாழக் கற்ற அவ்வூர்தி, பெரும் புழுதிப்புயல் ஒன்று கதிரவனை மறைத்த 2018ஆம் ஆண்டு ஜூன்வரை பணியாற்றி, 45 கிலோமீட்டருக்கு மேல் உருண்டது.

இரண்டு நிகழ்ச்சிகளையும் அருகருகே வைத்துப் பாருங்கள். அறிகுறி ஒன்று, மருந்து ஒன்று, பலன் வேறு. காரணம் வேறாக இருந்தமையே இதற்குக் காரணம். அழித்து நிறுவுதல், மென்பொருளில் உள்ள குழப்பத்தைத் தீர்க்கும். தேய்ந்த உறுப்பைத் தேற்றாது. முன்னதில் அது மருந்து. பின்னதில் அது சில நாள் ஆறுதல் மட்டுமே.

திண்ணைக்கு வந்த மாணவரிடம் இக்கதையைக் கூறி, மூன்று கேள்விகளை முன்வைத்தேன். இழக்கக்கூடாதது எது, அதைக் காத்தாயிற்றா? கோளாறு மென்பொருளிலா, உறுப்பிலா? அழித்த பின்னும் தொல்லை தொடர்ந்தால் அடுத்து என்ன செய்வது? அவர் அன்றிரவே ஆய்வேட்டை வேறொரு வட்டில் படியெடுத்துக்கொண்டார். மறுநாள் பழுது பார்ப்பவரிடம் காட்டியபோது, கணினியின் வட்டே கெட்டுக்கொண்டிருந்தது தெரியவந்தது. அவசரப்பட்டு அழித்திருந்தால் ஆய்வேடு போயிருக்கும். நோயோ அப்படியே நின்றிருக்கும்.

நண்பர்களே, புதிதாகத் தொடங்குவது துணிவின் அடையாளம் என்று இளமையில் தோன்றுவது இயல்பு. சில வேளைகளில் அது உண்மையும்கூட. ஆனால் எதனால் பழையது கெட்டது என்பதை அறியாமல் தொடங்கும் புதியது, பழையதன் பிழையையே மீண்டும் சுமக்கும். அந்தப் பொறியாளர்கள் அழிக்க அஞ்சவில்லை. அறியாமல் அழிக்கத்தான் அஞ்சினார்கள். அந்த அச்சமே அறிவு என்று கூறி அமைகின்றேன்.