கொரியாவிலிருந்து வந்த மரு

என் சித்தி ஒருத்தி நான்கு வருடம் ஒருக்களித்தே உட்கார்ந்தாள். கேட்டவர்களிடம் மூலம் என்றாள். அது மூலமில்லை, பிறப்புறுப்பில் மரு. ரோமானியர்கள் அதற்கு அத்திப்பழத்தின் பெயரை வைத்திருந்தார்கள். இன்றைய மருத்துவ நூல்கள் காலிஃபிளவர் போல என்கின்றன. நம் வீடுகளில் 'அந்த இடத்துல' என்பதோடு பேச்சு நின்றுவிடும். மூலம் என்று சொல்வதில் மானம் போகாது என்று சித்திக்குத் தெரிந்திருந்தது.

சொல்லாமல் விட்ட மருக்கள் சிலருக்கு ஒன்றோடொன்று சேர்ந்து கைப்பிடி அளவையும் தாண்டும். 1925இல் புஷ்கே, லோவன்ஸ்டைன் என்ற இரு ஜெர்மானிய மருத்துவர்கள் இதை விவரித்தார்கள். அவர்கள் எழுதியது ஆண்குறியில் வந்த கட்டியைப் பற்றி. பெண்ணுக்கு வந்தாலும் அவர்கள் பெயர்தான். இது வேறு உறுப்புகளுக்குத் தாவுவது அரிது. ஆனால் அடிச்சதையை அரித்துக்கொண்டு உள்ளே இறங்கும். வெறும் களிம்புக்கு அடங்காது. சுற்றியுள்ள நல்ல தோலிலும் கொஞ்சம் சேர்த்து வெட்டியெடுக்க வேண்டும். காயம் பெரிதென்றால் வேறிடத்துத் தோலை எடுத்து ஒட்டுவார்கள். உள்ளே புற்று ஒளிந்திருக்கலாம் என்பதால் வெட்டிய சதையைப் பரிசோதனைக்கு அனுப்புவார்கள். இவ்வளவுக்குப் பிறகும் அது திரும்ப வரலாம்.

கத்தியைவிட, கத்திக்கு முன்னால் வரும் கேள்விதான் என்னை வரலாற்றுக்குள் இழுத்தது: யாரிடமிருந்து வந்தது? பிரிட்டிஷ் அரசு 1868இல் இந்தியாவில் கொண்டுவந்த தொற்றுநோய்ச் சட்டத்துக்கு அதில் சந்தேகமே இல்லை. பாலியல் தொழில் செய்த பெண்களைப் பதிவுசெய்தார்கள், கட்டாயமாகச் சோதித்தார்கள், பால்வினை நோய் இருந்தால் லாக் ஆஸ்பத்திரியில் அடைத்தார்கள். அவர்களிடம் போய்வந்த சிப்பாய்களுக்கு அந்தச் சட்டத்தில் சோதனை இல்லை. 1888இல்தான் சட்டம் நீங்கியது.

மருவைப் பொறுத்தவரை பதில் 1954இல் வந்தது. அதுவரை அழுக்கினால், வெள்ளைப்படுதலின் எரிச்சலால் மரு வருகிறது என்று நம்பிய மருத்துவர்கள் பலர். பேரெட்டும் அவர் சகாக்களும் 24 அமெரிக்கப் பெண்களைப் பற்றி எழுதினார்கள். எல்லோரும் கொரியப் போர்க்காலத்தில் கிழக்காசியாவில் பணியாற்றித் திரும்பிய படைவீரர்களின் மனைவிகள். அங்கே இருந்தபோது கணவர்களுக்கு ஆண்குறியில் மரு வந்திருந்தது; அவர்கள் வீடு திரும்பி நான்கு முதல் ஆறு வாரங்களில் மனைவிகளுக்கும் வந்தது. இந்த ஒரே ஒரு முறையாவது ஆணின் பயணத்தைக் கணக்கில் எடுத்தார்கள் என்று எனக்கு அற்ப சந்தோஷம். அந்தக் கணவர்கள் போன இடங்களில் இருந்த கொரிய, ஜப்பானியப் பெண்களின் உடம்புக்கு என்ன ஆனது என்ற கணக்கு அதில் இல்லை.

பிறகு வைரஸைப் பிரித்தெடுத்தார்கள். 2006இல் தடுப்பூசியும் வந்தது. சித்தி அதற்கெல்லாம் முந்தியவள்.

அறுவைக்கு முதல் நாள் துணைக்கு நான் போயிருந்தேன். மருத்துவர் தாளிலிருந்து தலையைத் தூக்காமலே, "ஏம்மா, இது எப்படி வந்துச்சு?" என்றார். சித்தி சேலைத் தலைப்பைச் சுருட்டிக்கொண்டே தரையைப் பார்த்தாள். சித்தப்பா வெளியே பெஞ்சில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அவரை யாரும் உள்ளே கூப்பிடவில்லை.