மாற்றிய வண்டியும் மாறாத பாலிசியும்: குடுமியான்மலையை முன்வைத்து ஒரு சட்ட ஆய்வு

புதுக்கோட்டையிலிருந்து சுமார் 20 கிலோமீட்டர் தொலைவில் உள்ள குடுமியான்மலையை வெளியூரார் சிகாநாதசுவாமி கோயிலாலும் இசைக் கல்வெட்டாலும் அறிவர். ஊரார்க்கு அது உழவையும் மாட்டையும் நம்பிய ஊர். வேளாண் கல்லூரி இருக்கும் ஊர். இத்தகைய ஊரில் காருக்கு ஒரே வேலை என்று இல்லை. கல்யாணத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் போகிற வண்டியே விதை மூட்டையையும் ஏற்றி வரும். அதனால் வாங்கிய கொஞ்ச நாளிலேயே அதில் ஏதாவது சேர்ந்துவிடும். கூரைமேல் கேரியர் வரும்; முன்னால் கம்பி பம்பர் வரும்; பெட்ரோல் செலவைக் குறைக்க கேஸ் கிட் வரும்; கால் வலுவில்லாதவர் ஓட்டுவதற்காகப் பிரேக்கும் ஆக்சிலேட்டரும் கைக்கு மாறும். இவற்றைக் காப்பீட்டு நிறுவனத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது சட்டம். பெரும்பாலும் யாரும் தெரிவிப்பதில்லை. இதை உரிமையாளரின் அலட்சியம் என்று முடித்துவிடுவது வழக்கம். அந்த முடிவை நான் ஏற்கவில்லை. அறிவிக்கும் கடமையைச் சுமத்தியவர்கள் அறிவிப்பதற்கான வழியைச் சரியாக அமைக்கவில்லை. அதனால் மறைக்க ஏதுமில்லாத மனிதரே அதிகம் இழக்கிறார் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

காப்பீடு கேட்பவர், இடரை மதிப்பிடத் தேவையான எல்லாவற்றையும் தாமாகவே சொல்ல வேண்டும் என்ற கொள்கைக்கு 1766-இல் மான்ஸ்ஃபீல்டு பிரபு இங்கிலாந்தில் வழங்கிய கார்ட்டர் எதிர் போம் தீர்ப்பையே எல்லோரும் மூலமாகக் காட்டுவர். சுமாத்திராவில் இருந்த மார்ல்பரோ கோட்டையின் ஆளுநர், பகைவர் கோட்டையைப் பிடித்தால் தமக்கு ஏற்படும் இழப்புக்குக் காப்பீடு எடுத்திருந்தார். கோட்டை பிரெஞ்சுக்காரர் வசம் போனது. கோட்டையின் பலவீனத்தைச் சொல்லாமல் விட்டார் என்பது காப்பீட்டாளரின் குற்றச்சாட்டு. தீர்ப்போ ஆளுநருக்குச் சாதகமாக வந்தது. காப்பீட்டாளர் தாமே அறிந்திருக்க வேண்டியதை மற்றவர் சொல்லவில்லை என்று குறைகூற முடியாது என்றார் மான்ஸ்ஃபீல்டு. நம் வழக்குகளில் இந்தத் தீர்ப்பின் முதல் பாதியே அதிகம் ஒலிக்கிறது. 2009-இல் சத்வந்த் கௌர் சந்து வழக்கில் உச்ச நீதிமன்றம் நோயை மறைத்து மருத்துவக் காப்பீடு பெற்றதை ஆராய்ந்து, முழு வெளிப்படைக் கடமையை வலியுறுத்தியது. அது சரியே. ஆனால் 1872-இன் இந்திய ஒப்பந்தச் சட்டம், பிரிவு 19-இல் ஒரு விதிவிலக்கையும் வைத்திருக்கிறது: சாதாரண முயற்சியால் உண்மையை அறிந்துகொள்ளும் வழி ஒருவருக்கு இருந்திருந்தால், பிறர் மௌனத்தைக் காட்டி அவர் ஒப்பந்தத்தை உதற முடியாது. வாகன வழக்குகளில் இந்த விதிவிலக்கு பெற வேண்டிய கவனத்தைப் பெறவில்லை.

வண்டியைப் பொறுத்தவரை உண்மையை அறியும் வழி எங்கே இருக்கிறது? பதிவுச் சான்றான ஆர்.சி.யில் இருக்கிறது. 1988-இன் மோட்டார் வாகனச் சட்டம், பிரிவு 52-இன்படி, தயாரிப்பாளர் குறித்த விவரங்களிலிருந்து வேறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது. அனுமதிக்கப்பட்ட மாற்றமென்றால் 14 நாளுக்குள் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவித்து ஆர்.சி.யில் ஏற்ற வேண்டும். கேஸ் கிட் இந்த வகை. குடுமியான்மலைக்காரர் ஒருவர் இந்த விதிப்படி நடக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அங்கீகரிக்கப்பட்ட இடத்தில் கிட் மாட்டி, புதுக்கோட்டை ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கு அலைந்து, ஆர்.சி.யிலும் ஏற்றிவிட்டார். அரசுக்குச் சொல்லியாயிற்று, எல்லாம் முடிந்தது என்றுதான் அவர் நினைப்பார். நியாயமான எவரும் அப்படித்தான் நினைப்பார். பாலிசியோ பழைய பெட்ரோல் வண்டிக்கு உரியதாகவே கிடக்கிறது. அடுத்த ஆண்டு ஏஜென்ட் போனில் அழைத்துப் பணத்தை வாங்கி, போன வருட விவரத்தையே திரும்ப ஏற்றி, புதுப்பித்துவிடுகிறார். முன்மொழிவுப் படிவத்தில் இருவகை எரிபொருள் உண்டா, தனியாகப் பொருத்திய மின் சாதனங்களின் மதிப்பு என்ன, மாற்றுத்திறனாளிக்கென அமைத்த வண்டியா என்ற கேள்விகள் இருக்கத்தான் செய்கின்றன. அவை வண்டிக்காரர் காதுக்கு வந்து சேர்வதில்லை.

இழப்பின் அளவைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். 2002-இன் இந்திய மோட்டார் கட்டண நூல், கேஸ் கிட்டுக்கு 25-ஆம் எண் மேற்குறிப்பையும் (பாலிசியோடு சேர்க்கும் கூடுதல் வாசகம்) மின் சாதனங்களுக்கு 24-ஆம் எண் மேற்குறிப்பையும் தருகிறது. சொந்தச் சேதத்துக்கான கட்டணக் கட்டுப்பாடு 2007 ஜனவரி 1 முதல் நீங்கியது, வாசகங்கள் நிலைத்துவிட்டன. அந்நூலின் கணக்கில் கிட்டின் மதிப்பில் 4 சதவீதமும், தேர்ட் பார்ட்டிக்கு 60 ரூபாயும் கூடுதல். 30,000 ரூபாய் கிட் என்றால் ஆண்டுக்கு 1,260 ரூபாய். இதைக் கட்டாததால் கிட் பாலிசிக்குள் வருவதே இல்லை. வண்டி எரிந்துபோனால் இழப்பு கிட்டோடு நிற்காது. மாற்றத்தைச் சொல்லவில்லை என்ற காரணத்தால் கிளெய்ம் முழுவதுமே கேள்விக்குள்ளாகிறது. 1,260 ரூபாயை மிச்சம்பிடிக்க எந்தக் குடியானவரும் இந்தப் பணயத்தை வைக்கமாட்டார். கேட்டிருந்தால் கொடுத்திருப்பார்.

இதைவிட வருத்தம் தருவது மாற்றுத்திறனாளிகளின் நிலை. அதே கட்டண நூலின் 12-ஆம் மேற்குறிப்பு, அவர்களுக்கென மாற்றியமைத்து அவ்வாறே ஆர்.சி.யில் பதிந்த வண்டிக்குச் சொந்தச் சேதக் கட்டணத்தில் 50 சதவீதத் தள்ளுபடி தந்தது. அதாவது மாற்றத்தை அறிவித்தால் கட்டணம் ஏறுவதற்குப் பதிலாகக் குறைய வேண்டும். இணைப்புச் சக்கரம் பொருத்திய ஸ்கூட்டரைத் தமிழக அரசு நலத்திட்டத்தில் இலவசமாக வழங்குவதால் அப்படிப்பட்ட வண்டிகள் சிற்றூர்களுக்கும் வந்துவிட்டன. சொந்தப் பணத்தில் பட்டறையில் வேலை செய்துகொள்பவருக்கோ பதிவைப் பற்றியும் சொல்ல ஆளில்லை, தள்ளுபடியைப் பற்றியும் சொல்ல ஆளில்லை. சலுகை பெற வேண்டியவர், விபத்து நேரும் நாளில் உண்மையை மறைத்தவராக நிறுத்தப்படுகிறார். இந்த அநியாயத்தை நடைமுறைக் கோளாறு என்ற சொல்லால் மூடிவிட முடியாது.

கம்பி பம்பரும் வெட்டி நீட்டிய அடிச்சட்டமும் (சேஸி) வேறு கதை. 2019 ஜனவரியில் கே. ஜெயச்சந்திரா வழக்கில் உச்ச நீதிமன்றம், தயாரிப்பாளரின் மூல அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்ற முடியாது என்று தெளிவாக்கியது. அதே ஆண்டுத் திருத்தத்தில் வந்த பிரிவு 182ஏ, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கிறது. கம்பி பம்பர் மீது நடவடிக்கை எடுக்கும்படி மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரிலேயே மாநிலங்களுக்கு எழுதியது. மோதலின் விசையை வாங்கி நசுங்க வேண்டிய முன்பகுதியின் வேலையை இந்தக் கம்பி கெடுக்கும். ஏர்பேக் விரியும் நேரத்தைக் குழப்பக்கூடும். நடந்துபோகிறவரின் காலை நொறுக்கும். இதை நிறுவனத்துக்கு அறிவித்தாலும் சட்டப்படி ஆகாது. கழற்றிவிடுவது ஒன்றே வழி.

ஆனால் அறிவிக்காத மாற்றம் எதுவானாலும் கிளெய்மை முழுவதும் மறுக்கலாமா? உச்ச நீதிமன்றம் வேறொரு வகை மீறலில் காட்டிய வழி இங்கும் பொருந்தும். சொந்த உபயோகத்துக்குக் காப்பீடு செய்த வண்டி வாடகைக்கு ஓடியபோது திருட்டுப்போன நிதின் கண்டேல்வால் வழக்கிலும் (2008), விபத்துக்குள்ளான அமலேந்து சாகு வழக்கிலும் (2010), முழு மறுப்பை ஏற்காமல் 75 சதவீத அடிப்படையில் தீர்வு தந்தது. திருட்டில் அந்த மீறலுக்குப் பொருத்தமே இல்லை என்றும் முதல் வழக்கில் கூறியது. கூரை கேரியரைச் சொல்லாதவரின் கார் வாசலில் இருந்து களவுபோனால் இதே தர்க்கம் எழும். எனினும் 25 சதவீதம் பிடிப்பதற்கும் விடுபட்ட கட்டணத்துக்கும் கணக்குப் பொருத்தம் இல்லை. இங்கிலாந்தின் 2012 நுகர்வோர் காப்பீட்டுச் சட்டம் இன்னும் நேர்மையானது. நுகர்வோர் தாமாகச் சொல்ல வேண்டிய கடமையை அது நீக்கிவிட்டது. கேட்ட கேள்விக்குக் கவனமாக உண்மை சொன்னால் போதும். தவறு கவனக்குறைவால் நேர்ந்து, நிறுவனம் கூடுதல் கட்டணம் மட்டுமே வாங்கியிருக்கும் என்றால், கட்டியதற்கும் கட்டியிருக்க வேண்டியதற்கும் உள்ள விகிதத்தில் இழப்பீடு குறையும். 12,500 கட்ட வேண்டிய இடத்தில் 10,000 கட்டியவருக்கு 80 சதவீதம் கிடைக்கும். வேண்டுமென்றே பொய் சொன்னவருக்கு இந்தச் சலுகை இல்லை. இரண்டு தவறுகளையும் ஒரே தட்டில் வைக்காத இந்தப் பாகுபாடு நமக்கு வேண்டும்.

இப்படி மாற்றிய வண்டியால் மாட்டுக்காரரோ பள்ளிப் பிள்ளையோ அடிபட்டால், வண்டியில் என்ன மாற்றியிருந்தது என்பது அவர்கள் கவலையாக இருக்கக் கூடாது. ஓட்டுநர் உரிமத்தை ஒட்டி எழுந்த ஸ்வரண் சிங் வழக்கு (2004) வலுப்படுத்திய முறை, நிறுவனம் முதலில் கொடுத்துவிட்டுப் பிறகு உரிமையாளரிடம் வசூலிப்பது. பாதிக்கப்பட்டவரைக் காக்கும் இம்முறையை நான் முழுமனதோடு ஆதரிக்கிறேன். ஆனால் அந்த வசூல் கடைசியில் ஒரு சிறு விவசாயியின் நிலத்தின் மேல் வந்து விழக்கூடும் என்பதால்தான் அறிவிப்பு முறையைச் சீர்செய்வது அவசரமாகிறது.

செய்ய வேண்டியது கடினமல்ல. வண்டிகளின் பதிவு விவரம் வாகன் என்ற மத்திய இணையத் தொகுப்பில் இருக்கிறது. எரிபொருள் வகையும் அதில் உண்டு. புதுப்பிக்கும்போது நிறுவனம் அதைப் பார்க்க வேண்டும். ஆர்.சி.யில் ஏறிய மாற்றத்தை நிறுவனத்துக்குத் தந்த அறிவிப்பாகவே சட்டம் கொள்ள வேண்டும். மான்ஸ்ஃபீல்டு தீர்ப்பின் இரண்டாம் பாதியும் பிரிவு 19-இன் விதிவிலக்கும் இதற்கு இடம் தருகின்றன. படிவக் கேள்விகளைத் தமிழில் படித்துக்காட்டிக் கையெழுத்து வாங்க வேண்டும். அதுவரை, வண்டியை மாற்றுகிறவர் பட்டறை பில், புகைப்படம், திருத்திய ஆர்.சி. நகல் ஆகியவற்றோடு நிறுவனத்துக்குக் கடிதமோ மின்னஞ்சலோ அனுப்பி, ஆண்டு முடியக் காத்திராமல் பாலிசியில் மேற்குறிப்பு கேட்டுப் பெற வேண்டும். ஏஜென்டிடம் வாயால் சொன்னது சாட்சியாகாது. அப்படி அறிவித்த பிறகும் கிளெய்ம் மறுக்கப்பட்டால், முதலில் நிறுவனத்தின் குறைதீர் பிரிவிலும், அங்கு தீராவிட்டால் சென்னையிலுள்ள காப்பீட்டு ஓம்பட்ஸ்மனிடமும் கட்டணமின்றி முறையிடலாம். 50 லட்சம் ரூபாய் வரை இழப்பீடு வழங்க அவருக்கு அதிகாரம் உண்டு. வக்கீல் வைக்கத் தேவையில்லை.